கைவிளக்கும் கணக்கேடும்

மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், மருத்துவன், மருந்து என மூன்றைக் கூறி அமைந்துவிடாமல், உடனிருந்து பணி செய்யும் உழைச்செல்வானையும் ஓர் உறுப்பாக வைத்து எண்ணினார். இஸ்லாமிய வரலாற்றிலோ, அகழ்ப்போரில் காயமுற்ற சஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் அஸ்லம் குலத்து ருஃபைதா (ரலி) அம்மையார் அமைத்திருந்த கூடாரத்தில் வைத்துப் பேணுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எனவே நோயாளியைப் பேணும் பணி நம் இரு மரபுகளுக்கும் புதியதன்று. ஆயினும் அப்பணியில் ஒரு திருத்தத்தைப் புகுத்தியபின் அது மெய்யாகவே பயன் தந்ததா என்பதை எங்ஙனம் அறிவது? எதனை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது, எப்பொழுது முதல் எண்ணுவது, யார் எழுதி வைப்பது? இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் முழுதும் விடாது கேட்டுக் கொண்டிருந்தவர் புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார்.

பள்ளிப் பாடநூல்களில் இவரைக் கைவிளக்கேந்திய காரிகையாகவே நாம் கண்டிருக்கிறோம். இரவு நேரம், நீண்ட கூடம், வரிசையாகக் கிடக்கும் வீரர்கள், நடுவே விளக்கொளியில் ஒரு முகம். அந்த ஓவியம் பொய்யன்று. ஆனால் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் வாழ்வில் அவ்விளக்குக்குரிய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. கணக்கேட்டுக்குரிய காலமோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். நாம் இங்கே எழுதப் புகுவது அந்தக் கணக்கேட்டின் வரலாறு.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் புளோரன்சு நகரில், செல்வ வளம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஊரே பெயராயிற்று. தந்தையார் கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் தாமே கற்பித்தார். மகளோ கணிதமும் வேண்டுமென்று மன்றாடிக் கற்றார். 1837ஆம் ஆண்டு, பதினேழு வயதும் நிரம்பாத நிலையில், இறைவனின் அழைப்பைத் தாம் உணர்ந்ததாகக் குறித்து வைத்தார். அழைப்பு வந்துவிட்டது, எப்பணிக்கென்பது தெளியவே ஆண்டுகள் பல சென்றன. செவிலியப் பணி அக்காலத்தில் மதிப்பிழந்த தொழில். 1845ஆம் ஆண்டு சாலிஸ்பரி மருத்துவமனையில் பயிற்சி பெற அவர் விரும்பியபோது குடும்பத்தார் அடியோடு மறுத்தனர். வெளியே செல்ல இயலாதவர், வைகறையில் எழுந்து மெழுகுவத்தி ஒளியில் மருத்துவமனை அறிக்கைகளையும் அரசாங்கத்தின் சுகாதாரப் பதிவேடுகளையும் படித்துக் குறிப்பெழுதலானார். தடுக்கப்பட்ட அந்த ஆண்டுகளே அவரைப் பிற்காலத்துப் பெரும் பணிக்கு ஆயத்தம் செய்தன என்று நாம் கருதுகிறோம். நோயாளியின் படுக்கையைத் தொடுவதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான மருத்துவமனைப் பக்கங்களை அவர் கண்டிருந்தார்.

1851இல் செருமானிய நாட்டுக் கைசர்சுவெர்த்தில் மூன்று மாதப் பயிற்சி. 1853 ஆகஸ்டில் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்டிருக்கான சிறு இல்லமொன்றின் பொறுப்பு. அங்கும் ஆட்சிக் குழுவுக்குக் காலாண்டுதோறும் அறிக்கை எழுதினார் என்பதை மட்டும் குறித்துவிட்டு, நாம் துருக்கிக்குச் செல்வோம்.

1854இல் கிரிமியப் போரில் இங்கிலாந்தும் பிரான்சும் உதுமானியப் பேரரசின் பக்கம் நின்று உருசியாவை எதிர்த்தன. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றி மடிவதை நாளிதழ்கள் வெளியிட, இங்கிலாந்து கொதித்தெழுந்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி, 38 செவிலியரோடு புறப்பட்ட அம்மையார் நவம்பர் 4ஆம் நாள் இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள உஸ்குதார் வந்து சேர்ந்தார். மேலைநாட்டார் அதனை ஸ்கூட்டாரி என்பர். சுல்தான் மூன்றாம் செலீம் பெயரால் விளங்கும் செலீமிய்யா படைவீட்டைத் துருக்கியர் ஆங்கிலேயருக்கு மருத்துவமனையாக அளித்திருந்தனர். பின்னாளில் சுல்தான் அப்துல் மஜீது வைரக் கைவளை ஒன்றை அனுப்பி அம்மையாரைச் சிறப்பித்தார்.

கட்டடம் பெரிது, அடியில் ஓடிய கழிவுநீர்க் கால்வாய்களோ அடைபட்டுக் கிடந்தன. துணியில்லை, சோப்பில்லை, உணவு சமைக்க ஒழுங்கில்லை. அம்மையார் சலவைக்கும் சமையலுக்கும் வழி செய்தார். வேண்டிய பொருள்களை வாங்கிக் குவித்தார். அங்கே அவரைத் திகைக்க வைத்த மற்றொன்று மருத்துவமனைப் பதிவேடு. இறந்தோரைக் குறிக்க மூன்று வெவ்வேறு பதிவேடுகள் இருந்தன. ஒன்று சொன்ன எண்ணிக்கையை மற்றொன்று சொல்லவில்லை. புதைக்கப்பட்டவர் தொகைக்கும் இறந்தவர் தொகைக்கும் பொருத்தமில்லை. ஒரு மனிதன் இறந்தான் என்பதே சரியாக எழுதப்படாத இடத்தில், அவன் எதனால் இறந்தான் என்பதும், எதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்பதும் எங்கிருந்து தெரியவரும்?

இனி, நம் பாடநூல்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செவிலியர் வந்து சேர்ந்ததும் சாவு குறைந்துவிடவில்லை, கூடியது. 1855 சனவரி மாதத்தில் மட்டும் கிழக்குப் போர்முனையில் இருந்த ஆங்கிலப் படையில், தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் மாண்டவர் 2,761 பேர். காயங்களால் மாண்டவர் 83 பேரே. பிற காரணங்களால் 324 பேர். அடுத்த பிப்ரவரியில் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தனர். மார்ச்சுத் திங்களில் அரசு அனுப்பிய சுகாதார ஆணையம் வந்திறங்கியது. மருத்துவர் ஜான் சதர்லாந்தும் பொறியாளர் இராபர்ட் இராலின்சனும் அதில் முதன்மையானவர்கள். கழிவுநீர்க் கால்வாய்கள் துப்புரவாயின, காற்றோட்டம் அமைந்தது, நெரிசல் குறைந்தது. சூன் மாதத்தில் இறப்பு ஆயிரத்துக்கு 22 என்ற அளவுக்கு வீழ்ந்தது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யார்? நாடு முழுதும் அம்மையாரின் விளக்கையே காரணமாகக் கொண்டாடியது. பாடல்கள் எழுந்தன, அவர் பெயரால் 45,000 பவுன் அளவில் நிதி திரண்டது. அவரோ தொடக்கத்தில், உணவின்மையும் வீரர்கள் குற்றுயிராக வந்து சேர்ந்தமையுமே பெருஞ்சாவுக்குக் காரணம் என்று எண்ணியிருந்தார். 1856 ஆகஸ்டில் நாடு திரும்பியபின், பொதுப் பதிவு அலுவலகத்தின் புள்ளியியலறிஞர் வில்லியம் ஃபார் என்பாரோடு அமர்ந்து மாதவாரியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். நவம்பரில் நல்ல உணவும் செவிலியரும் வந்தும் சாவு ஏறியது. மார்ச்சில் சாக்கடை துப்புரவானபின் இறங்கியது. ஆண்டுக் கணக்காக ஒரே தொகையாய்ப் பார்த்திருந்தால் இவ்வேறுபாடு கண்ணில் பட்டிராது. மாதம் மாதமாகப் பார்த்ததால் பட்டது. தமக்குக் கிடைத்த புகழின் அடிப்படையையே அசைக்கும் கணக்கு அது. அவர் அதை மறைக்கவில்லை. அரச ஆணையத்தின் முன் கொண்டு வைத்தார்.

எண்களைக் கண்டால் கண் சோர்ந்து போகும் அமைச்சர்களுக்காக அவர் ஒரு படம் வரைந்தார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பகுத்து, இறப்பின் அளவுக்கேற்ப ஒவ்வொரு மாதத்தின் பரப்பையும் விரித்தார். தொற்றுநோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, பிறவற்றிற்குக் கறுப்பு. 1855 மார்ச்சு வரையிலான ஓராண்டுக்கு ஒரு வட்டம், அடுத்த ஓராண்டுக்கு மற்றொன்று. முதல் வட்டத்தின் நீலம் அகன்று பரந்து கிடக்க, இரண்டாவது வட்டம் சுருங்கி நிற்கும். சனவரி மாதத்துச் சாவு அதே வேகத்தில் நீடித்திருந்தால், புதிய வீரர்கள் வராத நிலையில் ஓராண்டில் ஒரு படை முழுதும் நோயாலேயே அழிந்திருக்கும் என்பது அக்கணக்கின் முடிவு. போரில்லாக் காலத்திலும் இங்கிலாந்தின் படைவீடுகளில் இளைஞர்கள் ஊரிலுள்ள தம் வயதினரைப் போல ஏறத்தாழ இருமடங்கு இறந்து வந்தனர் என்பதையும் அவர் வெளிக்கொணர்ந்தார். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பேற்றைப் பெற்ற முதற்பெண் அவரே.

இவ்வனுபவத்திலிருந்து அவர் எட்டிய தெளிவு யாதெனின், பணி முடிந்தபின் கணக்குத் தேடுவது வீண். பணி தொடங்குமுன்பே கணக்குப் படிவம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதே. 1860ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய உலகப் புள்ளியியல் மாநாட்டின் முன் மருத்துவமனைகளுக்கான ஒரே சீரான படிவங்களை அவர் வைத்தார். ஆண்டுத் தொடக்கத்தில் படுக்கையில் இருந்தோர், புதிதாகச் சேர்ந்தோர், குணமாகிச் சென்றோர், ஓரளவு நலம் பெற்றுச் சென்றோர், நலமுறாமலே சென்றோர், இறந்தோர், ஆண்டிறுதியில் எஞ்சியோர், சராசரியாகத் தங்கிய நாள்கள் என அவை கேட்டன. ஒவ்வொன்றும் நோய்வாரியாகவும் வயது, பால் வாரியாகவும் பிரித்து எழுதப்பட வேண்டும். நலமுறாமலே சென்றோர் என்ற கட்டத்தைக் கவனிக்க வேண்டும். இறக்கும் நிலையிலிருப்போரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எம் மருத்துவமனையில் சாவு குறைவு என்று மார்தட்டும் வழக்கத்தை அந்த ஒரு கட்டம் அம்பலப்படுத்திவிடும்.

மாநாடு படிவங்களை ஏற்றது. இலண்டன் மருத்துவமனைகள் சில எழுதியும் பார்த்தன. ஆனால் நோய்ப்பெயர் வகைப்பாட்டில் மருத்துவர்கள் உடன்படவில்லை. எழுதும் வேலை மிகுதி, செலவு மிகுதி என்ற முறையீடும் எழுந்தது. ஓரிரு ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நாம் கருதுவது, படிவம் தவறன்று. அதை எழுத வேண்டியவரின் கைவலியைப் பற்றி எண்ணியோர் குறைவு என்பதே. நோயாளிக்கும் ஏட்டுக்கும் நடுவே நிற்பவர் ஓர் எழுத்தரோ பயிற்சி மருத்துவரோதான். அவருக்கு நேரம் இல்லையெனில் ஏடு வெறுமையாகும், அல்லது பொய்யாகும்.

கணக்கு அவரையும் ஒருமுறை இடறியது. மருத்துவமனைகள் பற்றிய அவருடைய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், ஃபார் கணித்தபடி, இலண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 91 என்று ஓர் அட்டவணை வெளிவந்தது. நூறு பேர் சேர்ந்தால் தொண்ணூற்றொருவர் இறந்தனர் என்பதன்று இதன் பொருள். 1861ஆம் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட நாளன்று படுக்கையில் இருந்தோர் தொகையால், ஆண்டு முழுவதும் இறந்தோர் தொகையை வகுத்ததால் வந்த எண் அது. ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பலர் வந்து போவரன்றோ? மருத்துவ இதழ்கள் கடுமையாகத் தாக்கின. அத்தாக்குதலில் நியாயமும் இருந்தது. மேலே நிற்கும் எண்ணைவிட, வகுக்கும் எண்ணே ஒரு மதிப்பீட்டின் உயிர் என்பதை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாக மாணவர்க்குக் காட்ட இயலாது.

மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு 1860 சூலை 9ஆம் நாள் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இங்கும் முதலில் உருவானது ஒரு படிவம்தான். ஒவ்வொரு மாணவிக்கும் மாதந்தோறும் தலைமைச் செவிலி ஒரு தாளை நிரப்ப வேண்டும். நேரந் தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை முதலிய பண்புகள் ஒருபுறம். புண் கட்டுதல், அட்டை வைத்தல், படுக்கைப்புண் வாராமற் காத்தல், நோயாளிக்கு ஊட்டுதல் முதலிய திறன்கள் மறுபுறம். மிகச் சிறப்பு முதல் சுழி வரை மதிப்பெண்ணிடலாம். இன்றைய செவிலியர் கல்லூரிகளின் செய்முறைப் பதிவேடுகளுக்கு இதனை மூதாதை எனலாம்.

பத்தாண்டுகளுக்கு மேல் தாள்கள் ஒழுங்காக வந்து கொண்டிருந்தன. நோயுற்றுப் படுக்கையிலிருந்த அம்மையார் பிற பணிகளில் மூழ்கியிருந்தார். 1872ஆம் ஆண்டளவில் பள்ளியை உற்று நோக்கியபோது, மருத்துவ அதிகாரி நடத்த வேண்டிய பாடங்கள் முறையாக நடைபெறவில்லை என்பதும், மாணவியர் பயிலுநராக அன்றிக் கூலியாட்களாக நடத்தப்படுகின்றனர் என்பதும் புலப்பட்டன. தாளில் எல்லாம் நன்று, கூடத்திலோ குறை. அவர் தாள்களை நம்பியிருப்பதை விடுத்தார். ஆசிரியர் மாற்றப்பட்டார், மாணவியரின் நலனைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர் வந்தார், ஒவ்வொரு மாணவியையும் தம் இல்லத்திற்கே அழைத்துத் தனித்தனியே பேசிக் குறிப்பெடுத்துக் கொண்டார். நம்மிடையே எத்தனை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், நடத்திய வகுப்புகளையும் வழங்கிய சான்றிதழ்களையும் எண்ணிக் காட்டுவதோடு மனநிறைவு கொள்கின்றன! எண்ணியது எளியதை, எண்ண வேண்டியது எஞ்சி நிற்கிறது.

இனி வரும் நிகழ்ச்சியை நாம் அவர் வாழ்வின் மிகக் கடினமான சோதனையாக மதிக்கிறோம். ஊர்ப்புறத்து ஏழைத் தாய்மார்க்கு உதவப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் வேண்டும் என்னும் நோக்கத்தோடு, அவரது நிதியின் ஆதரவில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஒரு மகப்பேற்றுக் கூடம் அமைந்தது. நல்ல கட்டடம், நல்ல மேலாண்மை, ஆர்வமுள்ள மாணவியர். ஆயினும் 1862 முதல் 1867 வரை அங்கு நிகழ்ந்த ஏறத்தாழ 780 மகப்பேறுகளில் தாய்மார் இறப்பு ஆயிரத்துக்கு முப்பதைத் தாண்டியது. பேறுகாலக் காய்ச்சலே முதற்காரணம். இங்கிலாந்து முழுவதிலுமோ அவ்விகிதம் ஆயிரத்துக்கு 5 என்ற அளவிலேயே இருந்தது. வறுமைக் குடிசையில் பெற்றெடுத்த தாய், தேர்ந்த செவிலியர் சூழ்ந்த கூடத்தில் பெற்றெடுத்த தாயைவிடப் பிழைத்திருக்கும் வாய்ப்புப் பெரிதென்று கணக்குக் கூறியது.

எத்தனையோ சமாதானங்கள் அவர் முன் இருந்தன. கூடத்திற்கு வந்தோர் நலிந்தவர்கள் எனலாம். இன்னும் சில ஆண்டுகள் பார்ப்போம் எனலாம். பயிற்சியின் நோக்கமோ உயர்ந்தது. திட்டத்திலோ அவர் பெயர் இணைந்திருந்தது. 1867இல் கூடம் மூடப்பட்டது. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மருத்துவர் சதர்லாந்தின் துணையோடு ஐரோப்பிய மகப்பேற்று இல்லங்கள் பலவற்றின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி, வீட்டுப் பேறுகளோடு ஒப்பிட்டு, 1871இல் நூலாக வெளியிட்டார். அதில் தம் திட்டத்தின் தோல்வியையும் எண்ணோடு அச்சிட்டார். இரவில் உறங்குமுன் அன்றைய செயல்களைத் தன்னெஞ்சோடு கணக்கிட்டுப் பார்க்கும் முஹாஸபாவை நம் ஆன்றோர் வலியுறுத்தினர். ஒரு நிறுவனம் தன்னையே அவ்வாறு கணக்கிட்டுக் கொண்டதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பேறுகாலக் காய்ச்சல் கைகளின் வழியே பரவுவது என்பதை மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றிராத காலம் அது. காரணம் முழுதும் துலங்கும் வரை தாய்மார் இறந்து கொண்டிருக்க வேண்டியதில்லை என்று அவர் கருதியதாகவே அச்செயல் நமக்குத் தோன்றுகிறது.

லிவர்பூல் நகரின் ஏழையர் விடுதி மருத்துவமனையில் 1865இல் நிகழ்ந்த சோதனை வேறு வகையானது. வணிகர் வில்லியம் இராத்போன் மூன்றாண்டுச் செலவை ஏற்றார். புனித தாமசில் பயின்ற செவிலியர் பன்னிருவருடன் ஆக்னசு ஜோன்சு பொறுப்பேற்றார். விடுதிவாழ் பெண்களையே உதவியாளராகப் பழக்கும் முயற்சி தோற்றது. பயிற்சி பெற்ற செவிலியரின் பணியோ சிறந்தது. ஒரே திட்டத்தில் எது நின்றது, எது வீழ்ந்தது என்று பிரித்தறிய முடிந்ததால், சோதனைக் காலம் முடியுமுன்பே நகரத்தார் செலவைத் தாமே ஏற்றனர். ஆக்னசு ஜோன்சு 1868இல் அங்கேயே காய்ச்சல் கண்டு மறைந்தார்.

நம் நாட்டுக்கு அம்மையார் ஒருநாளும் வந்ததில்லை. ஆயினும் இந்தியாவில் இருந்த படையின் சுகாதாரம் குறித்து 1859இல் அமைந்த அரச ஆணையத்திற்காக, ஒவ்வொரு பாசறைக்கும் விரிவான வினாப்பட்டியல் அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே செல்கிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பன போன்ற வினாக்கள் அவை. சென்னை மாகாணத்துப் பாசறைகளிலிருந்தும் விடைகள் சென்றன. 1863இல் வெளிவந்த அறிக்கை இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டியது. இங்கிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்து வந்தமை தெரிய வந்தது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்தாண்டுகளுக்குப் பின் 1873இல் அவர் மீண்டும் அதே அளவுகோலை எடுத்தார். ஆயிரத்துக்கு 18 என்று கணக்கு வந்தது. தொடக்கத்தில் 69 என்று எழுதி வைத்திராவிடின் 18 என்பது வெறும் எண்ணாகவே இருந்திருக்கும். படைவீட்டோடு நின்றுவிடாமல் ஊர்மக்களின் நலத்திற்கும் நீர்ப்பாசனத்திற்கும் பஞ்ச நிவாரணத்திற்கும் அவர் தொடர்ந்து எழுதினார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

முதுமையிலும் ஒரு வேட்கை அவரை விட்டகலவில்லை. அரசு சட்டங்களை இயற்றுகிறது, பணத்தைச் செலவிடுகிறது. அவற்றின் விளைவை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பது அவரது மனக்குறை. நாட்டை ஆளப்போகும் இளைஞர்க்கு அவ்வளத்தலைக் கற்பிக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவ விரும்பி, 1891இல் அறிஞர் பிரான்சிசு கால்ட்டனோடு கடிதம் வழித் திட்டம் வகுத்தார். அது நிறைவேறவில்லை. 1907இல் பேரரசின் உயர் விருதாகிய தகுதி ஆணை அவருக்கு வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்ற முதற்பெண் என்ற பெருமையை உணரும் நிலையில் அவர் உடல் இல்லை, பார்வையும் மங்கியிருந்தது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது உறவினர் மறுத்து, ஆம்ப்சயர் மாவட்டத்துக் கிழக்கு வெல்லோ என்னும் சிற்றூரில் குடும்பக் கல்லறையிலேயே அடக்கினர். அக்கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.